எட்டாம் வகுப்புத் தமிழில் ஒரு மருந்துத் தாள்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளம் நர்ஸ் போன் செய்தாள். நான் கடைசியாகப் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள்.

"அக்கா, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துருச்சு. தாளை அடிச்சுப் போட்டா எத்தனாவது படிச்சவங்களுக்குப் புரியும்னு அதுவே சொல்லிருது. நம்ம தாள் அம்புட்டும் அஞ்சாம் வகுப்புன்னு காட்டுது. நல்லதுதானக்கா?"

சந்தோஷமாகத்தான் கேட்டாள். "பொறவு கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை. அவள் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்துக்காரி. நர்சிங் படிப்பை வெளியூரில் முடித்துவிட்டு ஊருக்கே திரும்பி, ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் கடைசிவரை இருந்தேன். பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், மறுபடியும் வார்டு என்று பாதி ஆயுள் நின்றபடியே போயிற்று. முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் ஆனபோது, வீட்டுக்கு அனுப்பாமல் வெளிநோயாளிகள் பிரிவில் ஒரு மேஜை கொடுத்து உட்காரவைத்தார்கள். தலைக்கு மேலே 'நோயாளர் விளக்கம்' என்று ஒரு பலகை.

டாக்டரைப் பார்த்து, மருந்துக் கவுண்டரில் மாத்திரை வாங்கியவர்கள் கடைசியாக என்னிடம் வருவார்கள். மாத்திரைகளைப் பிரித்துக் காட்டி, எதை எப்போது போட வேண்டும் என்று சொல்லி, அந்த நோய்க்கென்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். கூட்டமில்லாத நாளில் நிதானமாகச் சொல்லலாம். திங்கட்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்தும் மம்சாபுரத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினால், தாளைக் கையில் திணிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். மற்றதை அந்தத் தாள்தான் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

தாள்களை எழுதுவதும் என் பொறுப்பு. எழுதியதைத் திருத்தி ஒப்புக்கொள்வது எங்கள் மெடிக்கல் சூப்பரிண்டெண்ட். எம்.எஸ். என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தாளை வாங்கினால் உட்கார மாட்டார். ஜன்னலோரம் நின்று, வாய்க்குள் முணுமுணுத்தபடி முழுவதையும் படிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "சிஸ்டர், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சின்ன விஷயத்தில் என் தாளில் பாதி போய்விடும். பச்சை மையில் அடித்து, மேலே அழகான கையெழுத்தில் வேறு சொல் எழுதியிருப்பார். 'சாப்பிடுங்கள்' இருந்த இடத்தில் 'உட்கொள்க' இருக்கும். 'ரத்தம்' குருதியாகியிருக்கும். தமிழின் மேல் அவருக்கு உண்மையான பிரியம்.

ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்குவதற்காக வெளியூரிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். உங்கள் தாள்கள் நோயாளிகளின் படிப்புக்கு ஏற்றபடி இருக்கின்றனவா என்று கேட்டார்கள். நோயாளியைப் பதிவு செய்யும்போதே எத்தனாவது வரை படித்தவர் என்று கேட்டுக் குறிப்பது எங்கள் வழக்கம். அதையெல்லாம் கூட்டிப் பார்த்து, சராசரியாக எட்டாம் வகுப்பு என்று முடிவு செய்தார்கள். ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணி, தாள் எந்த வகுப்புக்கு ஏற்றது என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கு அது. சொல் குறைந்தால் வகுப்பும் குறையும். அன்றிலிருந்து எங்கள் தாள்களின் அடியில் 'எட்டாம் வகுப்பு அளவு' என்று பொடி எழுத்தில் அச்சாகத் தொடங்கியது.

எனக்கு அதில் ஆரம்பத்திலேயே உறுத்தல் இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களை நான்தானே பார்த்தேன். பத்தாவது என்று பதிந்த ஒரு விசைத்தறிக்காரர் தாளைக் கையில் வாங்கியதும், "கண்ணாடி கொண்டாரலை சிஸ்டர், நீங்களே சொல்லிருங்க" என்றார். அடுத்து வந்தவருக்கும் கண்ணாடி இல்லை. அதற்கடுத்தவரும் மறந்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடி போடும் வயதே ஆகாத பெண்கள்கூட அதையே சொன்னார்கள். எட்டாவது முடித்ததாகச் சொன்ன, பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகிற ஒரு பெண், "எட்டு வரைக்கும் யாரையும் ஃபெயிலாக்க மாட்டாகள்ல, அப்படியே போயிட்டேன்" என்று சிரித்தாள். அவள் தாளில் விரல் வைத்து 'மருந்து' என்ற சொல்லைத் தாண்டுவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

நான் ஒரு வழி வைத்திருந்தேன். தாளைக் கொடுத்துவிட்டு, "இப்ப வீட்டுக்குப் போயி என்ன செய்வீங்க, எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பேன். சொல்லச் சொன்னால்தான் தெரியும். கடகடவென்று வாசித்தவர்களில் பலர் தப்பாகச் சொன்னார்கள். வாசிப்பதற்குத் தடுமாறிய சிலர் சரியாகச் சொன்னார்கள். பதிவில் இருந்த வகுப்புக்கும் இதற்கும் எனக்கு ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. சூரியன், நிலா படம் போட்டு ஒரு தாள் செய்துபார்த்தேன். ஒரு கடைக்காரர் அதை என் மேஜையிலேயே திருப்பி வைத்தார். "என்னய கைநாட்டுன்னு நெனச்சிட்டீங்களாக்கும்" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதை எம்.எஸ்.ஸிடம் சொன்னபோது, "பாத்தீங்களா சிஸ்டர், அதுக்குத்தான் சொல்றேன்" என்றார். "எங்கப்பா மூணாவது. ஆனா அவர்கிட்ட யாராவது கொச்சையா எழுதிக் கொடுத்தா கோபப்படுவார். பத்தாவது படிச்சவங்ககிட்ட போயி பாலர் வகுப்புத் தமிழ்ல பேசினா, அது அவங்களை மதிக்கிறதா?"



மூட்டுவாதத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. மெத்தோட்ரெக்சேட் என்று பெயர். நல்ல மருந்து. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். தினமும் போட்டால் வாயும் குடலும் புண்ணாகி, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழுந்து, உயிருக்கே மோசமாகிவிடும். அதற்கான தாளை நான் இப்படி எழுதினேன்: 'இந்த மாத்திரையைத் தினமும் சாப்பிடக் கூடாது. வாரத்தில் ஒரே நாள்தான். திங்கட்கிழமை மட்டும் ஒன்று.'

எம்.எஸ். ஜன்னலோரம் நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பச்சை மையில் திரும்பி வந்தது இது: 'இம்மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளலாகாது. வாரமொருமுறை உட்கொண்டு, மருத்துவர் குறிப்பிடும் நாளில் குருதிப் பரிசோதனைக்கு வருக.' நாள்தோறும் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. முக்கியமான சொல் அல்லவா, அச்சில் தடித்த எழுத்தில் வரட்டும் என்று.

"சார், இது புரியாது" என்றேன்.

"எண்ணிப் பாருங்க சிஸ்டர். முதல் வாக்கியம் மூணே சொல். உங்களுது அஞ்சு."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. என் வாக்கியத்தைவிட அவருடையது எளிது. நான் இன்னொரு முறை எழுதிக் கொண்டுபோனேன். அதுவும் திரும்பி வந்தது. அச்சாகியது அவர் எழுதியதுதான்.

சண்முகத்தாய் மம்சாபுரத்துக்காரர். களையெடுக்கப் போவார், நெல் அறுப்புக்குப் போவார். விரல் கணுக்களெல்லாம் வீங்கி, அரிவாள் பிடிக்க முடியாமல் எங்களிடம் வந்தார். ஒரே மகள் திவ்யா கூட வந்திருந்தாள். கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரி பஸ்ஸில் போய்வந்து இன்ஜினியரிங் முடித்த பெண். சின்ன வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். பதிவில் தாய்க்கு ஐந்தாம் வகுப்பு என்றும், அதற்கடுத்த 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் பி.இ. என்றும் எழுதியிருந்தது.

அது ஒரு திங்கட்கிழமை. மேஜையைச் சுற்றி ஆட்கள். நான் மாத்திரை அட்டையைக் காட்டி, "வாரத்துக்கு ஒண்ணுதாம்மா, திங்கக்கெழமை மட்டும்" என்று சொன்னேன். அதற்குள் பக்கத்தில் ஒரு கிழவர் மயங்கிச் சரிந்தார். எழுந்து அவரைத் தாங்கிப் படுக்கவைத்துவிட்டு வந்து பார்த்தேன். இருவரும் இன்னும் காத்திருந்தார்கள். தாளை நீட்டினேன். சண்முகத்தாய் அதை வாங்கி மகளிடம் கொடுத்தார். "ஏட்டி, நீ வாசிச்சு வச்சுக்க. நீதான எனக்குத் தரப்போற" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. என் மகள் இன்ஜினியர், தெரியுமா என்கிற சிரிப்பு. அவர்களை நான் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள். வாரமொருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திவ்யா அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். சண்முகத்தாயால் வாயைத் திறக்க முடியவில்லை. உதட்டின் உள்பக்கம், நாக்கு, தொண்டை எல்லாம் வெந்ததுபோல இருந்தது. காய்ச்சல் வேறு. நான் மாத்திரை அட்டையைக் கேட்டேன். திவ்யா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஏறக்குறையக் காலியாக இருந்தது.

"மாத்திரை தீரப்போகுது சிஸ்டர். அதையும் வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தோம்" என்றாள்.

அவள் முன்னால் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. டாக்டரிடம் ஓடினேன். உடனே வார்டில் சேர்த்து, அந்த மருந்தை முறிக்கிற ஊசியைப் போட்டார்கள். ரத்தத்தில் அணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன.

மறுநாள் மதியம் வார்டுக்குப் போனேன். திவ்யா பால் வாங்கக் கீழே போயிருந்தாள். சண்முகத்தாய் விழித்திருந்தார். பேசக் கஷ்டப்பட்டார். தலைமாட்டில் அந்தத் தாள் மடித்து வைத்திருந்தது.

"அந்தத் தாளைத் தாங்க சிஸ்டர்" என்று கை நீட்டினார். கொடுத்தேன். விரித்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் கோவில் நோட்டீஸ், கடையில் பொட்டலம் கட்டித் தரும் பேப்பர் என்று எது கையில் கிடைத்தாலும் விடாமல் வாசிக்கிற பழக்கம் என்று அவர் கணவர் மாரிமுத்து பிறகு சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. அவர் மெதுவாக, தப்பில்லாமல் வாசித்துக்கொண்டே வந்தார். இம்மாத்திரையை. நாள்தோறும். உட்கொள்ள. லாகாது.

நிறுத்தினார். மறுபடி அந்த இடத்துக்குப் போனார்.

"ஆகாதுன்னுல்ல போட்டிருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க அன்னைக்கு வாரத்துக்கு ஒண்ணுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. வீட்டுல போயி கேட்டேன். இல்லம்மா, நாள்தோறும்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு பாருன்னா. படிச்ச புள்ள சொல்லுதே, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு தாளை மடித்து என் கையில் வைத்து அழுத்தினார். "எம் புள்ளைட்டச் சொல்லிராதிய சிஸ்டர். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

அன்று சாயங்காலமே மூச்சுத் திணறல் வந்து மதுரைக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது திவ்யா அம்மாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மாரிமுத்து போன் செய்தார். "போயிட்டா சிஸ்டர்" என்றார்.

இப்படி ஒரு மரணம் நடந்தால் ஆஸ்பத்திரியில் விசாரணைக் கூட்டம் போட வேண்டும். எம்.எஸ்., மருந்துக் கவுண்டரின் பொறுப்பாளர், மூட்டு டாக்டர், நான். குடும்பத்திடமும் கேட்க வேண்டும் என்பது விதி. காரியம் முடிந்து மாரிமுத்துவும் திவ்யாவும் வந்தார்கள். நான் அதற்கு முந்தின நாளே எம்.எஸ்.ஸைப் பார்த்து, அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்க வேண்டாம், வாக்கியம்தான் காரணம் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று கெஞ்சினேன். "முறைன்னு ஒண்ணு இருக்கு சிஸ்டர். நான் மெதுவாத்தான் கேப்பேன்" என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, தாளை அவளிடம் நீட்டினார். "இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்மா. ஒரு தடவை வாசிக்கிறீங்களா?"

திவ்யா வாசித்தாள். எட்டு வயதுப் பிள்ளை வாசிப்பது போல இருந்தது. 'இம்மாத்திரையை' என்பதே இரண்டு முறை உடைந்தது. 'நாள்தோறும்' வேகமாக வந்தது. 'உட்கொள்ள' வந்ததும் மிச்சத்தைப் பார்க்காமல், "உட்கொள்ளலாம்" என்று முடித்தாள். எங்கள் நால்வர் முகத்தையும் பார்த்ததும்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து, விரல் வைத்து, மறுபடி பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. லா. கா. து.

"அப்படின்னா?" என்றாள். பேச்சுத் தமிழில் யாரும் சொல்லாத ஒரு சொல்லின் வால் அது. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. "அப்படின்னா என்ன சிஸ்டர்?"

மூட்டு டாக்டர்தான் கடைசியில், "கூடாதுன்னு அர்த்தம்மா" என்றார்.

"நான் தமிழ்ல நல்ல மார்க்கு சார்" என்றாள் திவ்யா. எம்.எஸ்.ஸைப் பார்த்துச் சொன்னாள். "கைடு வச்சு மனப்பாடம் பண்ணித்தான் எழுதுவோம். ஆனா நல்ல மார்க்கு." மாரிமுத்து என்ன நடந்தது என்று புரியாமல் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் முடிவை இங்கிலீஷில் டைப் செய்து கோப்பில் வைத்தார்கள். விளக்கத் தாள் எட்டாம் வகுப்பு அளவில் இருந்தது, நோயாளியுடன் பட்டப்படிப்பு முடித்த உறவினர் இருந்தார், ஆகவே விளக்கம் போதுமானது என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். என் கையெழுத்து இல்லாமலே கோப்பு மூடப்பட்டது.

மறுநாள் எம்.எஸ். என் மேஜைக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல்முறை. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளை என் முன்னால் வைத்தார். பச்சை மையில் அவரே எழுதியிருந்தார்: 'தினமும் சாப்பிடக் கூடாது. வாரத்தில் ஒரே நாள்தான்.'

"மதிச்சுத்தான் அப்படி எழுதினேன் சிஸ்டர்" என்றார்.

"தெரியும் சார்" என்றேன்.

அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு என் தாள் எதையும் அவர் திருத்தவில்லை. நான் எழுதியது அப்படியே அச்சுக்குப் போனது. அதில் எனக்கு நிம்மதி கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. நல்ல எளிய தமிழில் எழுதிய அந்தத் தாளையும் பி.இ.க்களும் பி.காம்.களும் வாங்கி வாசித்துவிட்டு, என் முன்னால் தப்பாகச் சொன்னார்கள். சிலர் வாசிக்காமலே மடித்துப் பையில் வைத்தார்கள். கூட்டம் அதிகமான நாளில் அதைக்கூட என்னால் கேட்க முடியவில்லை. தாளின் அடியில் இருந்த வகுப்பு மட்டும் எட்டிலிருந்து ஐந்தாக மாறியது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மாரிமுத்து வந்தார். அவருக்குப் பிரஷர் ஆரம்பித்திருந்தது. திவ்யாவும் கூட வந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள் என்றார். நான் மாத்திரைகளைப் பிரித்துக் காட்டிச் சொன்னேன். தாளைக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த மனிதர் அவர். தாளை அப்படியே மகளிடம் நீட்டினார்.

"நீ வாசி தாயி."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு நீ வாசிச்சாப் போதும். வாசி."

அவள் வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். காலையில் ஒன்று. சாப்பிட்ட பிறகு. மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்தக் 'கூடாது' வந்ததும் நின்று, விரலை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்தக் கூடாதுன்னா, தொடர்ந்து போடணும். சரிதான சிஸ்டர்?"

"சரியா வாசிச்சிட்டம்மா."

மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். அதே இடத்தில் நின்று அதையே கேட்டாள். நான் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை வாசித்து முடித்ததும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. தாளை எடுத்துக்கொண்டு மருந்துக் கவுண்டருக்குப் போனாள். அங்கே இருந்த பையனிடம் காட்டி, அதே வரியில் விரல் வைத்துக் கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். அங்கிருந்து நகர்ந்து, பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போய்க் குனிந்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது.